நெறியாளரின் மூக்குக்கண்ணாடி

சார்லஸ் கிப்சனின் கண்ணாடி மூக்கின் நுனிவரை இறங்கியிருக்கிறது. அதற்கு மேலாகப் பார்த்தபடி கேள்வி கேட்கிறார். தாளைப் பார்க்க ஒருமுறை தலை குனிகிறது. நிமிர்ந்ததும் மறுபடி அதே பார்வை. தாமதமாக வந்த பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவைத்துப் பார்க்கும் தலைமையாசிரியரின் பார்வை. பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலஸ். ஒரு காலத்தில் பில் கிளின்டனின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர், இப்போது செய்தியாளர். இவர்கள் இருவருக்கும் எதிரே ஹிலரி கிளின்டனும் பராக் ஒபாமாவும் நிற்கிறார்கள்.

2008 ஏப்ரல் 16, புதன்கிழமை இரவு. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. பென்சில்வேனியாவின் பிரைமரி தேர்தலுக்கு ஆறே நாள் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் தேசிய அரசியலமைப்பு மையத்திலிருந்து ஏபிசி தொலைக்காட்சி இந்த விவாதத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஊரின் மேற்குப் பகுதியில், காசு போட்டுத் துணி துவைக்கும் ஒரு கடையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொலைக்காட்சிப் பெட்டி கூரையோரம் இரும்புச் சட்டத்தில் உயரத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். ரிமோட் கடையைக் கவனித்துக்கொள்ளும் பையனிடம் இருக்கிறது. சுவரோரம் வரிசையாக ட்ரையர்கள் சுற்றுகின்றன. அவற்றின் சூடும் சோப்புத்தூள் வாசனையும் கடை முழுக்க நிறைந்திருக்கின்றன. 25 சென்ட் காசுகள் தீர்ந்தவர்கள் காசு மாற்றும் எந்திரத்துக்கும் தங்கள் கூடைக்குமாக நடக்கிறார்கள். நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. எனக்கு ஓட்டு கிடையாது, அதனால் இந்தப் பேச்சில் வாயும் கிடையாது. என் துணி சுற்றி முடியும்வரை பார்க்கலாம், கேட்கலாம்.

மடிக்கும் மேசையருகே அறுபதைத் தாண்டிய கறுப்பினத்துப் பெண்மணி ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவின் அங்கிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருக்கிறார். கரு நீல நிறம். கைப்பகுதியை உள்ளே திருப்பி, கழுத்துப்பட்டையை நீவிவிட்டு, மூன்றாக மடிக்கிறார். ஜன்னலோரம் பேருந்து ஓட்டுநர் ஒருவர், சீருடையோடு வந்திருக்கிறார், வெள்ளைக்காரர். நடுவில் மருத்துவமனைச் சீருடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க நர்ஸ். அவருடைய பையில் ஹிலரி பட்டன் குத்தியிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு கல்லூரி மாணவன், அவன் சட்டையில் ஒபாமா பட்டன்.

கிளீவ்லாந்தில் பிப்ரவரி 26-ஆம் தேதி நடந்த விவாதத்துக்குப் பிறகு ஏழு வாரமாக ஹிலரியும் ஒபாமாவும் ஒரே மேடையில் விவாதித்ததில்லை. அந்த ஏழு வாரத்துக்குள் இராக்கில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் எண்ணிக்கை 4,000-ஐத் தொட்டுவிட்டது. பேர் ஸ்டேர்ன்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி மார்ச்சில் சரிந்தது. பெட்ரோல் கேலன் மூன்று டாலரைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது. கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

கிப்சன் அரசியலமைப்புச் சட்டத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்துவிட்டுத் தொடங்குகிறார். உங்களில் ஜெயிப்பவர் தோற்பவரைத் துணை அதிபர் வேட்பாளராக ஏற்பதாக இப்போதே உறுதி சொல்வீர்களா என்று கேட்கிறார். மேடையில் இருவரும் முதலில் பேசவில்லை. கடையில் யாரும் இதைப் பொருட்படுத்தவும் இல்லை. பையன் ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறான்.

அடுத்த கேள்விக்கு ஓட்டுநர் திரும்புகிறார். சான்ஃபிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் கூட்டமொன்றில் ஒபாமா பேசியது பற்றிய கேள்வி அது. வேலை போன சிற்றூர்க்காரர்கள் மனக்கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தார். ஓட்டுநர் ஸ்க்ரான்டன் பக்கத்து ஆள் என்பது பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது. "எங்கப்பா வேலை போறதுக்கு முன்னாடியும் சர்ச்சுக்குப் போனார், போனதுக்கு அப்புறமும் போனார்," என்கிறார். குரல் உயரவில்லை. கைகள் மட்டும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டன. ஒபாமா விளக்கம் சொல்லி முடிக்கும்வரை அவை அவிழவில்லை. இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கவேண்டியதுதான். அதற்குப் பதில் வாங்கும் உரிமை அந்த மனிதருக்கு இருந்தது.

அதன்பின் ஸ்டெஃபனோபுலஸ் ஹிலரியைக் கேட்கிறார்: ஒபாமாவால் ஜெயிக்க முடியுமா, முடியாதா? இரண்டு மூன்று முறை 'ஆம்' என்கிறார் ஹிலரி. நர்ஸ் தலையசைக்கிறார். பிறகு வருகிறது, ஒபாமாவின் தேவாலயப் பாதிரியாராக இருந்த ஜெரமையா ரைட் பற்றிய கேள்வி. உங்களைப் போலவே ரைட்டும் அமெரிக்காவை நேசிக்கிறார் என்று நினைக்கிறீர்களா?

மடிக்கும் மேசையில் கைகள் நின்றுவிட்டன. அங்கி பாதி மடிப்பில் கிடக்கிறது. அந்தப் பெண்மணி தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அங்கியின் கழுத்துப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மார்ச் 18-ஆம் தேதி, இதே அரசியலமைப்பு மையத்தில் நின்றுதான் ஒபாமா ரைட்டைப் பற்றியும் இந்த நாட்டின் நிறவேற்றுமையைப் பற்றியும் அரை மணிக்கு மேல் பேசினார். அந்தப் பேச்சுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரைட் இளமையில் கடற்படைப் பிரிவுகளில் பணியாற்றியவர். அவர் நாட்டை நேசிக்கிறாரா என்ற கேள்வியை அந்தப் பெண்மணி எப்படிக் கேட்டுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். முகத்தில் கோபம் இல்லை. பலமுறை கேட்டுப் பழகிய ஒன்றை இன்னொருமுறை கேட்பவரின் அலுப்பு இருந்தது. சற்று நேரம் கழித்து, "எல்லா ஞாயிறும் சிப்பாய்களுக்காக ஜெபம் பண்றோம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மடிப்பைத் தொடர்ந்தார்.

நர்ஸின் முறையும் வந்தது. 1996-இல் போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கியதாக ஹிலரி பேசியதும், அவரை ஒரு சிறுமி வரவேற்ற பழைய படக்காட்சி வெளியானதும் எல்லோருக்கும் தெரியும். என் ஓட்டை இழந்துவிட்டீர்கள் என்று ஒரு வாக்காளர் பதிவுசெய்த படத்தில் சொல்கிறார். மாணவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். நர்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். கழுத்திலிருந்து கன்னம்வரை சிவந்தது. தவறு என்று ஹிலரி திரையில் ஒப்புக்கொள்கிறார். நர்ஸ் துவைத்த காலுறைகளை ஜோடி சேர்ப்பதில் மும்முரமானார். நிறம் பொருந்தாத இரண்டைச் சேர்த்து, பிரித்து, மறுபடி சேர்த்தார்.

அப்புறம் கொடி. லட்ரோப் ஊரிலிருந்து ஒரு பெண் பதிவுசெய்து அனுப்பிய கேள்வி: தேசியக்கொடியில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா? கோட்டில் கொடிச் சின்னம் குத்திக்கொள்வதில்லை என்பதுதான் ஒபாமாவின் மேல் குறை. "அடச்சே!" என்று எழுந்துவிட்டான் மாணவன். நான் ஓட்டுநரைப் பார்த்தேன். ஒபாமாவின் பேச்சால் மனம் நொந்த ஆள், இதற்கு மகிழ்வார் என்று நினைக்கத் தோன்றும். அவர் தன் சீருடையைக் குனிந்து பார்த்தார். அங்கே பெயர்ப்பட்டையும் ஒரு பேனாவும்தான் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் ட்ரையரில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பார்க்கப் போனார்.

பில் ஏயர்ஸ் என்ற பெயர் வந்தபோது கடையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "யாரு இவர்?" என்றான் கடைப்பையன். வெதர் அண்டர்கிரவுண்டு என்ற பழைய தீவிரவாத இயக்கத்தைச் சேர்ந்தவர், அப்போது சிகாகோவில் பேராசிரியர், ஒபாமா வசித்த பகுதியில் வசித்தவர். அந்த இயக்கத்தின் குற்றங்கள் நடந்தபோது தனக்கு எட்டு வயது என்கிறார் ஒபாமா. ஹிலரி அந்தத் தொடர்பை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறார். அதே இயக்கத்தைச் சேர்ந்த இருவரின் தண்டனையை உங்கள் கணவர்தானே குறைத்தார் என்று ஒபாமா திருப்பிக் கொடுக்கிறார். ஏயர்ஸைப் பற்றிக் கேட்கும்படி ஸ்டெஃபனோபுலஸுக்கு வலதுசாரி வானொலித் தொகுப்பாளர் ஷான் ஹானிட்டி முந்தைய நாள் யோசனை சொல்லியிருந்தார் என்பது பின்னர் செய்தியானது.

விளம்பர இடைவேளை. அப்போதுதான் அந்த இரவில் நான் மறக்கமுடியாத பேச்சு நடந்தது. பாடகர் அங்கிகளை வைத்திருந்தவர் கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்தார். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து ஓர் அரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நர்ஸின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"டாக்டர் பாதிதான் எழுதினாரா?"

"முழுசாத்தான் எழுதினார்."

"அம்மா, இதை உடைச்சுச் சாப்பிடக்கூடாது."

"உடைச்சா மாசம் முழுக்க வரும்."

நர்ஸ் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் வார்டுக்கு வருபவர்களில் பலர் இப்படித்தான் என்றார். இரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்த பிறகுதான் வருகிறார்கள் என்றார். மலிவு விலையில் மாத்திரை கிடைக்கும் ஓரிடத்தை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். ஒருவர் ஹிலரிக்கு, மற்றவர் அநேகமாக ஒபாமாவுக்கு. அந்த நேரத்தில் அது இருவர் நினைவிலும் இல்லை.

அமெரிக்காவில் அப்போது நான்கரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. அதை எப்படித் தீர்ப்பது என்பதில் மேடையில் நின்ற இருவருக்கும் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வேண்டும் என்றார் ஹிலரி. பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாயமாக்கினால் போதும், விலையைக் குறைத்தால் பெரியவர்கள் தாங்களே எடுப்பார்கள் என்றார் ஒபாமா. அந்த அரை மாத்திரைக்கு நேரே போய்ச் சேரும் கேள்வி அது. விவாதத்தின் முதல் 45 நிமிடத்தில் அது வரவில்லை. இராக்கும் வரவில்லை, வேலையும் வரவில்லை, பெட்ரோலும் வரவில்லை.

கிளீவ்லாந்தில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நீளமாகப் பேசியாகிவிட்டதே என்று நெறியாளர்கள் சொல்லலாம். ரைட்டைப் பற்றியும்தான் பேசியாகிவிட்டது, அதுவும் இதே கட்டடத்தில்.

எனக்கு இதில் வருத்தம் கேள்விகளின் கடுமையைப் பற்றியதே இல்லை. அதிபராக வருகிறவரை எவ்வளவு கடுமையாகவும் கேட்கலாம், கேட்கவேண்டும். அன்று கேட்கப்பட்டவை யாருடைய கேள்விகள் என்பதில்தான் குறை. இதை நவம்பரில் எதிர்க்கட்சி எடுத்துப் பேசினால் உங்கள் கதி என்ன, இதோடு உங்களால் ஜெயிக்க முடியுமா? முதல் பாதிக் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றையே வேறுவேறு பெயர்களில் கேட்டன. இது தேர்தல் வியூகம் வகுப்பவரின் கவலை. துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவர் வாக்காளர். அவருக்கு வேட்பாளர் ஜெயிப்பாரா என்பதைவிட ஜெயித்தால் என்ன செய்வார் என்பதே தெரியவேண்டும். நெறியாளர் உட்காரும் நாற்காலி அந்த வாக்காளருக்காகப் போடப்பட்டது. மேடையேற வழியில்லாத கோடிக்கணக்கானவர்கள் தங்கள் கேள்வியை அந்த இரு நெறியாளர்கள் கையில்தான் நம்பிக் கொடுத்திருந்தார்கள்.

பின்பாதியில் இராக் வந்தது, ஈரான் வந்தது, வரி வந்தது. ஓட்டுநர் மறுபடி நாற்காலிக்கு வந்தார். சமூகப் பாதுகாப்பு நிதிக்கான சம்பளப் பிடித்தத்துக்கு உள்ள உச்சவரம்பைப் பற்றி கிப்சன் விடாமல் கேட்டார். வருடத்துக்கு 97 ஆயிரம் டாலருக்கும் இரண்டு இரண்டரை லட்சத்துக்கும் இடையே சம்பாதிப்பவர்கள் ஏராளமானவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல் சுமை ஏறாதா? ஓட்டுநர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டார். ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷைரின் செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் நடந்த விவாதத்திலும் இதே கிப்சன்தான் நெறியாளர். கணவன் மனைவி இருவரும் இந்தக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்தால் இரண்டு லட்சம் டாலர் வருமானத்துக்குள் வந்துவிடுவார்களே என்று அவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. கிப்சன் நேர்மையான செய்தியாளர் என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் சம்பளங்கள் வேறு அளவில் தெரிந்தன.

முடியும் நேரத்தில் இன்னொரு இடைவேளை என்று கிப்சன் சொன்னதும் அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். கூட்டம் என் மேல் பாய்கிறது என்று அவரே சொல்லும்படி ஆயிற்று. கடையில் மாணவன் கைதட்டினான். நர்ஸும் தட்டினார், அவர் தட்டியதை மாணவன் பார்த்தான்.

மறுநாள் நாடே இரண்டு நெறியாளர்களைப் பற்றித்தான் பேசியது. வாஷிங்டன் போஸ்ட்டின் தொலைக்காட்சி விமர்சகர் டாம் ஷேல்ஸ் அவர்களுடைய பணியை இழிவானது என்ற அளவுக்குக் கண்டித்து எழுதினார். பத்திரிகையாளர்களும் பேராசிரியர்களும் கையெழுத்திட்ட பகிரங்கக் கடிதம் ஒன்று வந்தது. வட கரோலினாவின் ராலே நகரில் ஒபாமா, மக்களைப் பற்றிய ஒரு விஷயத்துக்கு வர 45 நிமிடம் ஆயிற்று என்று கூட்டத்தில் சொல்லி, தோளில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடும் சைகை காட்டினார். நியூயார்க் டைம்ஸின் டேவிட் புரூக்ஸ் நேர்மாறாக, கேள்விகள் மிகச் சிறந்தவை என்று பாராட்டினார். கேட்டவை கடினமானவை, நியாயமானவை என்று ஸ்டெஃபனோபுலஸும் தன் தரப்பைச் சொன்னார். பார்த்தவர்கள் ஒரு கோடியே 7 லட்சம் பேர். அந்தப் பருவத்தின் பிரைமரி விவாதங்களில் அதுதான் அதிகம்.

திட்டியவர்களில் பெரும்பாலோர் ஒபாமாவின் பக்கத்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏழு வாரத்துக்கு முன்பு கிளீவ்லாந்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. எப்போதும் முதல் கேள்வி எனக்கே வருகிறது என்று ஹிலரி முறையிட்டார். ஒபாமாவுக்கு இன்னொரு தலையணை வேண்டுமா என்று கேளுங்கள் என்றார். அப்போது அவருடைய ஆதரவாளர்கள் நெறியாளர்களைத் திட்டினார்கள். தன் ஆளுக்கு வலித்தால் கேள்வி தவறு, அடுத்தவனுக்கு வலித்தால் கேள்வி சரி. மாணவனின் சிரிப்பிலும் நர்ஸின் சிவந்த கன்னத்திலும் அன்று இதைத்தான் பார்த்தேன். ஆனால் எல்லாக் கோபத்தையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். இடைவேளையில் அந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதில் கட்சி இல்லை.

ஏப்ரல் 22-ஆம் தேதி பென்சில்வேனியாவில் ஹிலரி ஒன்பது சதவீத வித்தியாசத்தில் வென்றார். வட கரோலினாவில் நடக்கவிருந்த விவாதம் கைவிடப்பட்டது. அந்தத் தேர்தலில் ஹிலரியும் ஒபாமாவும் ஒன்றாக நெறியாளர்கள் முன்னே மறுபடி நிற்கவே இல்லை.

மக்களின் அந்தக் கோபம் பின்னாளில் வேட்பாளர்கள் கைக்குப் போனது. இதற்கு முன்னோடி உண்டு. 1980-இல் நியூ ஹாம்ப்ஷைரின் நாஷுவாவில், ரொனால்டு ரேகனின் ஒலிவாங்கியை அணைக்கச் சொன்ன நெறியாளரைப் பார்த்து, இதற்குக் காசு கொடுப்பது நான் என்று ரேகன் முழங்கினார். நெறியாளரின் பெயரைக்கூடத் தவறாகத்தான் சொன்னார், கூட்டம் ஆர்ப்பரித்தது. 2012 ஜனவரி 19-ஆம் தேதி தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், சிஎன்என்னின் ஜான் கிங் விவாதத்தை, வேட்பாளர்களில் ஒருவரான நியூட் கிங்ரிச்சின் முன்னாள் மனைவி கூறிய குற்றச்சாட்டோடு தொடங்கினார். அதிபர் தேர்தல் விவாதத்தை இப்படியா ஆரம்பிப்பது என்று கிங்ரிச் சீறினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு நாள் கழித்து அந்த மாநிலத்தில் அவர் ஜெயித்தார். தொடங்கிய விதம் தவறு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் எழுந்து நின்ற அந்தக் கூட்டத்துக்கு அன்று வேலை, கடன், போர் எதைப் பற்றியும் கூடுதலாக ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

2015 அக்டோபர் 28-ஆம் தேதி கொலராடோவின் போல்டரில் சிஎன்பிசி நடத்திய குடியரசுக் கட்சி விவாதம். நெறியாளர்களில் ஒருவரான கார்ல் குயின்டனில்லா, டெட் குரூஸிடம் அரசின் கடன் உச்சவரம்பைப் பற்றிக் கேட்டார். குரூஸ் அதை விட்டுவிட்டு, அதுவரை மற்ற வேட்பாளர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்லி, மக்களுக்கு அக்கறையுள்ள விஷயங்களைப் பேசக்கூடாதா என்று நெறியாளர்களைச் சாடினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவருக்கு வந்திருந்த கேள்வியோ சரியாக அத்தகைய விஷயம்தான். பிறகு, கடன் வரம்புக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன் என்று அவர் வாயெடுத்தார். உங்கள் நேரத்தை வேறொன்றுக்குச் செலவழித்துவிட்டீர்கள் என்று சொல்லி நெறியாளர்கள் அடுத்த வேட்பாளரிடம் போய்விட்டார்கள்.